ரஷ்யக் கரடியும் நாம விடுற கரடியும்

ஆபீஸ்ல ஆணி அதிகம். ஒரு மாசமா இந்தப் பக்கமே வரமுடியலை. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். ஆனா ஒரே வாரத்துல மூணு பேர் ஒரே வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பி, "உங்களுக்குத்தான் ரஷ்யன் தெரியுமே, செம மேட்டர்ல?" என்று கேட்டுவிட்டார்கள். பார்த்தேன். பிபி ஏறிப்போச்சு. அதான் இந்தப் பதிவு. நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

வீடியோவின் சாரம் இதுதான். ஆதி ஸ்லாவ் மக்கள் கரடிக்கு ரொம்ப பயந்தார்களாம். பேரைச் சொன்னால் வந்து நிற்கும் என்று, அதோட நிஜப் பேரைச் சொல்லாமலே விட்டு மறந்தும் போனார்களாம். அதுக்குப் பதிலா 'மெத்வேத்' என்று ஒரு பட்டப்பேர் வைத்தார்களாம். அர்த்தம் 'தேன் இருக்கும் இடம் அறிந்தவன்'. நிஜப் பேர் 'பெர்'. ஆதாரம்? கரடிக் குகைக்கு ரஷ்யனில் 'பெர்லோகா'. பெர் + லோகா, பெர்ரின் இருப்பிடம். ஜெர்மன்காரன் அந்தப் பேரைத் தூக்கிக்கொண்டு போய் 'பேர்' என்று வைத்துக்கொண்டான், பெர்லின் நகரத்துக்கும் அதுவே பேர். ஆகவே ஜெர்மனியே முதலில் யாருடையது தெரியுமா... என்று போகிறது. பின்னணியில் வயலின் வேற.

இதில் பாதி உண்மை. அதுதான் கடுப்பு. முழுப் பொய்யா இருந்தா சிரிச்சுட்டுப் போயிடலாம்.

இன்னொரு சங்கதியையும் ஒத்துக்கிறேன். இந்த 'பெர்' கதையை இதே வலைப்பதிவில் நானே எழுதியிருக்கேன். ரஷ்யன் கத்துக்கிட்ட புதுசு, சொல்லிக்கொடுத்த வாத்தியார் சொன்னார், நானும் கண்ணை மூடிக்கிட்டு எழுதினேன். பின்னூட்டத்தில் நாப்பது பேர் 'அருமை, அரிய தகவல்' என்றார்கள். ஒருத்தரும் மறுக்கலை. அப்புறம் வேலை விஷயமாப் பழகிய ஒரு போலந்துக்காரரிடம் இதைப் பெருமையாச் சொன்னப்போ, மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "பார்வூக்" (அவங்க மொழியில் இதே சொல்) என்றால் அவங்க வீட்டில் என்ன தெரியுமா? பையன் எழுந்து போனபிறகு மடிக்காம அலங்கோலமாக் கிடக்கும் படுக்கை! வைக்கோலைப் பரப்பிய படுக்கைக்கும் அதே சொல்தான். செர்பியாவில் 'பர்லோக்' என்றால் பன்றி புரளும் சேற்றுக் கிடங்கும் சேரும். அதாவது பொதுவான பொருள் அழுக்குப் படுகை, சேறு, சகதி. ரஷ்யனில் மட்டும் அது கரடி படுக்கும் இடமா நின்றுபோச்சு. ஒரு மொழியை மட்டும் வெச்சுக்கிட்டு நான் கரடியைக் கண்டுபிடிச்சேன். பக்கத்து வீட்டு மொழியை எட்டிப் பார்த்திருந்தா பன்றிதான் இருந்திருக்கும் :-)

சரி, 'தேன் அறிந்தவன்' கதைக்கு வருவோம். 'தேன்' சரி. 'அறிந்தவன்' தப்பு. 'தின்பவன்'தான் சரி. என்னய்யா பெரிய வித்தியாசம்னு கேப்பீங்க. இருக்கு.

ரஷ்யனில் தேனுக்கு 'மியோத்'. இதோட பழைய வடிவம் உகரத்தில் முடியும்: 'மெது' மாதிரி. நமக்குத் தெரிந்த மது இதே குடும்பத்துச் சம்ஸ்கிருதச் சொல்தான். 'தின்னு' என்பதற்கு ஸ்லாவ் வேர் 'ஏத்'. சம்ஸ்கிருதத்தில் 'அத்'. அன்னம் இந்த வேரில் இருந்து வந்ததுதான். இப்போ மனு + அந்தரம் என்ன ஆகும்? மன்வந்தரம். சு + ஆகதம், ஸ்வாகதம். உகரத்துக்குப் பின்னாடி உயிர் வந்தால் நடுவில் 'வ்' வந்து உட்காரும். அதே கணக்குதான்: மெது + ஏத் = மெத்வேத். அந்த 'வ்' 'அறிதல்' என்ற வேரில் இருந்து வரலை, தேனோட வாலில் இருந்து வந்தது. சம்ஸ்கிருதத்திலும் மது + அத் சேர்ந்த 'மத்வத்' ரிக்வேதத்தில் இருக்கு. அங்கே கரடிக்கு இல்லை, இனிப்பைத் தின்னும் பறவைகளுக்கு.

'அறிந்தவன்' என்றால் என்ன ஆகியிருக்கணும்? ஸ்லாவ் மொழிகளில் ரெண்டு சொல் சேரும்போது, அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் நடுவில் ஒரு 'ஒ' வரும். தேன் அறிந்தவன் 'மெதொவேத்' ஆகியிருப்பான். ஆகலையே. காலப்போக்கில் ரஷ்யர்களுக்கே சந்தி மறந்துபோய், 'வேத்' என்று காதில் விழுந்ததை 'அறி' என்று நினைத்துக்கொண்டார்கள். பேசுகிற மக்கள் அப்படி நினைப்பதில் தப்பே இல்லை. ஆராய்ச்சின்னு போர்டு மாட்டிக்கிட்டு வீடியோ போடுறவன் நினைச்சா தப்பு. (உக்ரைன்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போய் மாத்தி 'வெத்மீத்' என்கிறார்கள். பல்கேரியாவில் சுருக்கமா 'மெச்கா'. 2008 முதல் 2012 வரை ரஷ்ய அதிபரா இருந்த மெத்வெதேவ் பேரிலும் இந்தக் கரடிதான்.)

பயத்தினால் பேரை மாத்தினது? அது நியாயமான ஊகம். கரடிக்குப் பழைய இந்தோ ஐரோப்பியப் பேர் ஒண்ணு இருந்தது: சம்ஸ்கிருதத்தில் ருக்ஷ, கிரேக்கத்தில் அர்க்டோஸ், லத்தீனில் உர்சுஸ். கரடி நிறைய இருந்த வடக்கில்தான் அது காணாமல் போயிருக்கு. ஸ்லாவ்காரன் 'தேன்தின்னி' என்கிறான், ஜெர்மானியக் கிளை வேறு பேர் சொல்லுது, லிதுவேனியாவில் 'லோகிஸ்'. அந்தக் குடும்பத்திலேயே சேராத பின்லாந்து மொழியிலும் கரடிக்கு 'தேன் உள்ளங்கையன்' என்று ஒரு பட்டப்பேர் உண்டு. ரஷ்யாவில் 'மெத்வேத்' நிஜப் பேர் ஆனபிறகு, காட்டில் அதையும் சொல்லக்கூடாதுன்னு 'எஜமான்' என்றார்கள். ராத்திரியில் பாம்பைப் பாம்புன்னு சொல்லாமல் 'பூச்சி' என்ற ஆச்சிகள் வளர்த்த நமக்கு இதைத் தனியா விளக்கவேண்டியதில்லை.

ஆனா பாருங்க, இந்தச் சாவி ஒரு பூட்டைத் திறந்ததும், எல்லாப் பூட்டிலும் விட்டு ஆட்ட ஆரம்பிச்சுடறாங்க. எந்த மிருகத்தோட பேர் புரியலைன்னாலும் "பயம் சார், விலக்கு சார்". அப்படியா? ஓநாய்க்குப் பயப்படாத ஸ்லாவ் கிராமம் உண்டா? ஆட்டையும் மாட்டையும் அடிச்சுக்கிட்டுப் போறது அதுதானே. ஆனா ஓநாய்க்கு ரஷ்யனில் 'வோல்க்', செர்பியனில் 'வூக்', லிதுவேனியனில் 'வில்கஸ்', சம்ஸ்கிருதத்தில் 'விருக'. பீமனுக்கு விருகோதரன்னு பேர் உண்டே, ஓநாய் வயிறன், அதே விருக. நாலாயிரம் ஐயாயிரம் வருஷமா அந்தப் பேர் அசையலை. மறைமுகமா 'சாம்பல் நிறத்தான்' என்றெல்லாம் சொல்லிக்கொண்டார்கள், ஆனா பழைய பேர் போகலை. போகாதது மட்டுமில்லை, பிள்ளைக்கே அதைப் பேரா வெச்சாங்க. செர்பிய மொழிக்கு எழுத்துச் சீர்திருத்தம் செய்த வூக் கராஜிச் (1787-1864) பிறக்கும் முன்பு அவர் வீட்டில் பிள்ளைகள் தக்காமல் இறந்துகொண்டிருந்தன. ஓநாய்ப் பேர் வெச்சா சூனியக்காரி கிட்ட வரமாட்டாள்னு 'வூக்' என்று வைத்தார்கள். நம்ம ஊரில் பிச்சை, குப்பைன்னு பேர் வைக்கலையா, அந்த மாதிரி. பயந்தால் பேரை மறைப்பதும் உண்டு, பயந்தால் பேரைக் கேடயமாப் பிடிப்பதும் உண்டு.

சரி, யாரும் பயப்படாத குதிரை? சம்ஸ்கிருத அசுவ, லத்தீன் ஈக்வுஸ். ஸ்லாவ் மொழிகளில் இந்தப் பேர் சுத்தமா அழிஞ்சுபோச்சு. இப்போ இருப்பது 'கோன்'. ரஷ்யனில் கூடவே 'லோஷத்'. இது துருக்கிய இன மக்களிடம் கடன் வாங்கியது. ரஷ்யாவின் பழைய வரலாற்றுக் குறிப்பேட்டில் 1103-ஆம் ஆண்டுச் செய்தியிலேயே, உழவன் ஏர் பூட்டும் குதிரைக்கு 'லோஷத்' வந்துவிட்டது. போர்வீரன் ஏறுவது கோன், குடியானவன் பூட்டுவது லோஷத். பேர் மாறினது சந்தையிலும் வயலிலும், பயத்தில் இல்லை. ஆக, பழைய பேர் போனதாலேயே 'விலக்கு'ன்னு சொல்லமுடியாது. கரடிக்குச் சொல்கிறோம் என்றால் அதுக்கு வேறு சாட்சிகளும் இருப்பதால் சொல்கிறோம்.

பாம்பும் நல்ல சாட்சி. ரஷ்யனில் 'ஸ்மியா'. 'ஸெம்ல்யா' என்றால் மண். மண்ணில் ஊர்வது, அவ்வளவுதான். பழைய பேர் எங்கே போச்சு? எங்கேயும் போகலை. சம்ஸ்கிருத 'அஹி'யோட உறவுக்காரன் 'ஊஷ்' என்று இன்னும் இருக்கான். விஷமில்லாத தண்ணிப்பாம்புக்கு மட்டும்!

இப்போ எனக்கு ரொம்பப் பிடித்த சிட்டுக்குருவி. ரஷ்யனில் 'வொரபேய்', எழுத்தில் 'வொரொபேய்'. 'வோர்' என்றால் திருடன், 'பேய்' என்றால் அடி. "வோரா பேய்!", திருடனை அடி! தானியம் திருடும் குருவியைப் பார்த்து விவசாயி கத்தினதே பேர் ஆச்சாம். கேக்க எவ்வளவு நல்லா இருக்கு. என் பொண்ணு கேட்டுட்டுக் கைதட்டினா.

இதை உடைக்க ரெண்டு அடி போதும். முதல் அடி, 'வோர்' என்ற சொல் பழைய ரஷ்யாவில் சாதாரணத் திருடன் இல்லை. திருடனுக்கு அப்போ 'தாத்' என்று வேற சொல் இருந்தது. வோர் என்றால் துரோகி, அரசை ஏமாற்றிய கயவன். 1608-ல் ராஜகுமாரன் வேஷம் போட்டு மாஸ்கோவுக்கு வெளியே துஷினோவில் கூடாரம் போட்டவனை 'துஷினோ வோர்' என்றார்கள். அவன் யார் பையிலும் கைவிட்டதற்காக இல்லை. குருவியோட பேரோ அதைவிட எத்தனையோ நூற்றாண்டு மூத்தது.

ரெண்டாவது அடிதான் முக்கியம். இந்த வரிசையைச் சத்தமாப் படிங்க. ரஷ்யன், செர்பியன், போலிஷ் என்ற வரிசையில் சொல்றேன். பசு: கொரோவா, கிராவா, க்ரோவா. காகம்: வொரோனா, வ்ரானா, வ்ரோனா. நகரம்: கோரொத், கிராத், க்ரூத். குருவி: வொரொபேய், வ்ராபாட்ஸ், வ்ரூபெல். தெரியுதா? ரஷ்யனில் 'ஒரொ' வரும் இடத்தில் செர்பியனில் 'ரா', போலிஷில் 'ரோ' அல்லது 'ரூ'. நாவ்கொரொத் நகரமும் பெல்கிரேடும் ஒரே வாலோட நிற்பது இப்படித்தான். குருவிப் பேரில் இருக்கும் அந்த ரெண்டாவது 'ஒ' ரஷ்யன் தன் பழக்கத்துக்கு நடுவில் செருகின ஒலி. அதைப் பிடிச்சு 'வோரா, திருடனை' என்று பிரிச்சா, செர்பியாவிலும் போலந்திலும் அதே குருவி உட்கார்ந்திருக்கே, அங்கே எந்தத் திருடன்? போலிஷில் திருடனுக்கு 'ஸ்லோஜெய்'. ஒட்டவே ஒட்டாது.

இந்தப் பசுவைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? "கொரோவா, நம்ம கறவை! ரஷ்யன் தமிழில் இருந்து வந்ததுக்கு ஆதாரம்!" என்று ஒரு அன்பர் எனக்குத் தனிமடலே அனுப்பினார். ஐயா, கறவை என்பது 'கற' என்ற தமிழ் வேர். பால் கறப்பது. ரஷ்யப் பசு கொம்பில் இருந்து வந்தது. அதோட பழைய வடிவம் 'கோர்வா', லிதுவேனியனில் 'கார்வே'. லத்தீன் உறவுக்காரன் 'செர்வுஸ்', அதாவது கலைமான். கலைமானை யாருய்யா கறந்தது? அவருக்கு இப்படித்தான் பதில் போட்டேன். இன்னிவரைக்கும் பேசறதில்லை.

நிஜமான உறவு வேணுமா? ரஷ்யக் கசாப்புக் கடையில் மாட்டிறைச்சிக்கு 'கவ்யாதினா'. அதன் தலையில் இருப்பது கோமாதாவின் 'கோ'. எலிக்கு 'மிஷ்', பிள்ளையார் வாகனமான மூஷிகம். நீர்நாய்க்கு 'வித்ரா', சம்ஸ்கிருதத்தில் 'உத்ர', தண்ணியில் இருப்பது. ஆத்தை அணைகட்டும் பீவருக்கு 'பொப்ர்', சம்ஸ்கிருதத்தில் 'பப்ரு', பழுப்பு. அர்ச்சுனன் மகன் பப்ருவாகனனின் பப்ரு. இதில் ஒரு வேடிக்கை. ஜெர்மன் கரடிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பொருளும் 'பழுப்பன்' என்பதே, இதே வேரில் இருந்து (வேறு கருத்தும் உண்டு). அதாவது வீடியோக்காரர் குகையில் தேடின அந்த 'பெர்' ஸ்லாவ் மொழியில் இருக்கத்தான் இருக்கு, தண்ணிக்குள்ள, பீவரா!

ஆனா கதை எல்லாமே பொய், சட்டம் மட்டுமே மெய் என்றும் சொல்லமாட்டேன். ஒட்டகத்தைப் பாருங்க. ரஷ்யனில் 'வெர்ப்லியூத்'. இதைக் கொண்டுவந்தது கோத் இன மக்கள். அவங்க ஒட்டகத்தை 'உல்பந்துஸ்' என்றார்கள். அது எங்கிருந்து? யானைக்கான கிரேக்க-லத்தீன் பேரில் இருந்து! எலிபன்ட்தான். ரெண்டையும் பார்க்காதவன் எவனோ, தூரதேசத்துப் பெரிய மிருகம்னு ஒண்ணோட பேரை இன்னொண்ணுக்கு வெச்சுட்டான். ஸ்லாவ் வாயில் விழுந்ததும் அது 'வெல்ப்லோந்த்' ஆச்சு. 'வெலி' என்றால் பெரிய, 'ப்லோந்த்' என்றால் அலைதல். பெரும் நாடோடி! மக்கள் தங்களுக்குப் புரியற மாதிரி வார்த்தையை வளைச்சுக்கிட்டாங்க. போலிஷில் இன்னமும் 'வியெல்ப்வோந்த்'. இங்கே நாட்டுப்புறக் கற்பனை சொல்லின் உருவத்தையே மாத்தியிருக்கு. அதையும் ஆராய்ச்சி கணக்கில் எடுக்குது.

யானைக்கு 'ஸ்லோன்'. துருக்கிய மொழிகளில் சிங்கத்துக்கு இருக்கும் 'அர்ஸ்லான்' திரிந்து வந்தது என்று ஒரு கட்சி. 'ஸ்லோனித்' என்றால் சாய்தல், சாய்ந்து நிற்பவன் என்று இன்னொரு கட்சி. இது என்ன கூத்து, யானை எங்கே சாய்ஞ்சுதுன்னு கேக்காதீங்க. யானைக்கு முழங்கால் மூட்டு கிடையாது, மரத்தில் சாய்ந்துதான் தூங்கும், வேடன் மரத்தை அரைகுறையாக வெட்டிவைத்தால் யானை விழும், எழுந்திருக்காது என்று ஐரோப்பா முழுக்க நம்பினார்கள். ஜூலியஸ் சீசர் இதே கதையை ஜெர்மானியக் காட்டு மூஸ் மானுக்குச் சொல்லியிருக்கார். கும்பகோணம் பக்கம் ஒருநாள் வந்து, யானை மண்டிபோட்டு சலாம் வைப்பதைப் பார்த்திருந்தா எல்லாரும் பொழைச்சிருப்பாங்க.

நாய்க்கு ரஷ்யனில் 'சபாகா'. பழைய ஈரானிய மொழியில் இருந்து வந்த கடன் என்பதுதான் அதிகம் பேர் ஒத்துக்கொள்ளும் முடிவு. ஈரானிய மேதியர்கள் நாயை 'ஸ்பாகா' என்பார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கார், சைரஸ் மன்னனை வளர்த்தவள் பேர் ஸ்பாகோ என்று சொல்கிற இடத்தில். சம்ஸ்கிருத சுவானம் இதே இனம். மற்ற ஸ்லாவ் மொழிகள் பெரும்பாலும் 'பெஸ்' என்ற சொந்தச் சொல்லோடயே இருக்கு. குரங்கு, 'அபிஸ்யானா', பாரசீக-அரபுப் பக்கச் சரக்கு. அங்கே குரங்கு கிடையாதே, சரக்கோட பேரும் வந்துச்சு.

இந்தக் காதால் மோந்துபார்க்கும் வியாதி ரஷ்யாவில் புதுசில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வசிலி த்ரெதியகோவ்ஸ்கி, பெரிய கவிஞர், யாப்பிலக்கணத்தையே மாத்தினவர், அமேசான் பெண்களை 'ஒமுஷோன்', ஆம்பளை மாதிரி ஆனவர்கள், என்று ரஷ்யனாக்கினார். எத்ருஸ்கர்களை 'தந்திரக்காரர்கள்' ஆக்கினார். நம்ம காலத்தில் கணிதப் பேராசிரியர் ஃபமென்கோ வந்து வரலாற்றையே மடிச்சு இஸ்திரி போட்டார், இப்படிப்பட்ட ஒலி ஒற்றுமைகளையும் தூணா வெச்சு. அதுக்கு 2000-ல் பொறுமையா உட்கார்ந்து பதில் எழுதினவர் அந்திரேய் ஸலிஸ்னியாக் (1935-2017). மரப்பட்டைக் கடிதங்களைப் படித்துக்காட்டிய ஆள். அவருக்கு இதைவிட ஆயிரம் நல்ல வேலை இருந்தது. ஆனாலும் எழுதினார். ஏன்னா 'இது எங்க சொல்' என்பதற்கு அடுத்த வரி எப்பவுமே 'இது எங்க மண்'தான். அந்த வீடியோவும் அங்கேதானே போய் முடிஞ்சது?

அதிலும் பெர்லினை எடுத்தார் பாருங்க, அங்கேதான் எனக்குச் சிரிப்பு தாங்கலை. பெர்லின் நிஜமாவே ஸ்லாவ் பேர்தான்! அங்கே முன்னாடி வாழ்ந்த ஸ்லாவ் மக்கள் மொழியில் சதுப்பு நிலம். கரடி இல்லை, சகதி. கரடியை உள்ளே கொண்டுவந்தது ஜெர்மன்காரன், அவன் காதில் 'பேர்' என்று விழுந்ததால. 1280-லேயே நகர முத்திரையில் கரடி ஏறிடுச்சு. தன் மூதாதையரைக் காப்பாத்தறேன்னு கிளம்பின வீடியோக்காரர், அவங்க வெச்ச நிஜப் பேரைத் தூக்கி எறிஞ்சுட்டு, ஜெர்மன்காரனோட தப்பைக் கொண்டாடிக்கிட்டு இருக்கார்.

அதே பெர்லினில்தான் மாக்ஸ் ஃபாஸ்மர் என்பவர் ரஷ்யச் சொற்பிறப்பு அகராதிக்காக வருஷக்கணக்கா குறிப்பு அட்டைகளைச் சேர்த்துவைத்திருந்தார். 1944 ஜனவரியில் குண்டு விழுந்து அவர் நூலகமும் அட்டைகளும் எரிஞ்சுபோச்சு. மனுஷனுக்கு அப்போ ஐம்பத்தெட்டு வயசு நெருங்குது. திரும்ப முதலில் இருந்து ஆரம்பிச்சு, 1950-களில் அகராதியை முடிச்சுக் கொடுத்தார். நான் மேலே சொன்ன சேதி பலதும் அந்த மாதிரி ஆட்களோட உழைப்பு. அதன் ரஷ்யப் பதிப்பு இணையத்தில் இலவசமாத் தேடலாம். 'மெத்வேத்' என்று தட்டினால் அரை நிமிஷம். வீடியோ ஓடுறதே பதினோரு நிமிஷம்.

என் பழைய பதிவை அழிக்கலை. 'பெர்' பத்தியின் மேல் குறுக்குக்கோடு போட்டு, கீழே போலந்து நண்பரின் பையன் படுக்கையைப் பத்தி ரெண்டு வரி சேர்த்திருக்கேன். அங்கே 'அருமை' போட்ட நாப்பது பேரும் ஒருதரம் போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க, ப்ளீஸ்.

டிஸ்கி: பொண்ணுகிட்ட குருவி விஷயத்தையும் சொல்லிட்டேன். "போப்பா, வோரா பேய்தான் நல்லா இருந்துச்சு" என்றாள். இப்போ முள்ளம்பன்றிக்கு என்ன கதைன்னு கேக்குறா. அந்த ஊர் முள்ளெலிக்கு 'யோஷ்', அனேகமா 'பாம்பு' என்ற பழைய சொல்லில் இருந்து, பாம்பைத் தின்பதால்னு சொன்னேன். "இதுவும் கரடியா?" என்றாள். இல்லடி, இது நிஜம்.